சிலிம் ரிவரிலிருந்து வடக்கே: பழைய ரோடா, ஹைவேயா?

வேன்கணக்கு

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அடுத்த மாதம் சுங்கை பட்டாணிக்குக் கோயில் காரியமாக ஒரு வேன், மூன்று மோட்டார் சைக்கிள், சாமான் ஏற்றிய சின்ன லோரி ஒன்று போகின்றன. கமிட்டியில் இரண்டு கட்சி. டோல் கட்டாமல் பழைய ரோட்டிலேயே போகலாம் என்கிறார்கள் பெரியவர்கள். ஹைவே போட்டது எதற்கு என்கிறார்கள் பிள்ளைகள். பழைய ரோட்டில் போனால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? மோட்டாருக்கு எது நல்லது? லோரி எங்கே சிரமப்படும்? இன்னொன்று: வடக்கே போகிற ரோடு ஏன் ஊருக்கு ஊர் நுழைந்து நுழைந்து வளைகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டைக்கல்

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

நம் ஊர் நடுவே போவது கூட்டரசு சாலை 1. தெற்கே ஜொகூர் பாருவில் தொடங்கி கூலாய், ஆயர் ஈத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட், கிம்மாஸ், தம்பின், செரம்பான், காஜாங், கோலாலம்பூர், ரவாங், தஞ்சோங் மாலிம் வழியாக இங்கே வருகிறது. இங்கிருந்து வடக்கே துரோலாக், சுங்காய், பீடோர், தாப்பா, தெமோ, கம்பார், கோப்பேங், சிம்பாங் பூலாய், ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், சங்காட் ஜெரிங், கமுண்டிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால், ஜூரு, பட்டர்வொர்த், கெப்பாலா பத்தாஸ். அதற்குப் பிறகு மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா, அடுத்தது சுங்கை பட்டாணி. உங்கள் பயணம் அங்கே முடிகிறது. ரோடு இன்னும் அலோர்ஸ்டார், ஜித்ரா, சாங்லூன் தாண்டி தாய்லாந்து எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாம் வரைக்கும் போகும். மொத்தம் 800 கி.மீ.க்கு மேல்.

ஹைவேயும் (வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை) இதே ஊர்களை ஒட்டித்தான் போகிறது, ஆனால் எந்த ஊருக்குள்ளும் நுழையாது. அதன் கிலோமீட்டர் எண்ணைப் புரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வட பகுதிக்குப் பூஜ்யம் புக்கிட் காயு ஹீத்தாமில், தென் பகுதிக்குப் பூஜ்யம் ஜொகூர் பக்கம். அதனால் நம் ஊரிலிருந்து வடக்கே போனால் எண் குறைந்துகொண்டே வரும். வண்டி நின்றுபோய் உதவிக்குப் போன் போடும்போது 'எந்த ஊர் பக்கம்' என்பதைவிட நடுத்தடுப்பில் இருக்கும் எண்ணையும், வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதையும் சொன்னால் போதும். இதில் திசையைத்தான் பலபேர் சொல்ல மறக்கிறார்கள். தவறான பக்கத்தில் வந்த உதவி வண்டி அடுத்த வெளிவாசல் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பழைய ரோட்டில் இருப்பது வேறு கணக்கு. அங்கே தூரம் ஊருக்கு ஊர் அளந்தது, பெரும்பாலும் தபால் நிலையத்திலிருந்து. அந்தக் காலத்து அளவு மைல். நாம் சொல்லும் 'நாலாங்கட்டை', 'எட்டாங்கட்டை' எல்லாம் மைல்கல்தான். எட்டாங்கட்டை என்றால் 12.9 கி.மீ. ஆம்புலன்சுக்கு 999 அடித்து 'எட்டாவது கல்' என்றால் எதிர்முனையில் 8 கி.மீ. என்று குறித்துக்கொள்வார்கள், ஐந்து கி.மீ. வித்தியாசம் வந்துவிடும். பள்ளிக்கூடம், கோயில், தோட்ட வாசல் பெயர் என்று ஏதாவது அடையாளத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈயக்குட்டை

ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 'வடக்கே போகிற ரோடு' என்ற எண்ணமே பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈயத்தை யாரும் வடக்கு தெற்காகக் கொண்டுபோகவில்லை. சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கும் கடலுக்கும், அதாவது கிழக்கு மேற்காகத்தான் போனது. முதல் ரயில் பாதைகளைப் பாருங்கள்: 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம், 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன், இன்றைய தெலுக் இந்தான். எல்லாமே குறுக்கே. ஒரு சுரங்க ஊருக்கும் அடுத்த சுரங்க ஊருக்கும் இடையே இருந்த ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடமானது, அது சல்லி போட்ட ரோடானது. அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டதுதான் நம் ரோடு. கோப்பேங், கம்பார் இரண்டும் ஈய ஊர்கள். ரோடு அவற்றுக்குள் நுழையவில்லை, அவற்றிலிருந்துதான் புறப்பட்டது.

மாட்டுவண்டி ஏறக்கூடிய சரிவு கொஞ்சம்தான். அதனால் குன்றை வெட்டாமல் அதன் இடுப்பைச் சுற்றிப் போனார்கள். ஆற்றைக் கடக்க எங்கே குறுகலோ அங்கே திரும்பினார்கள். இன்று ஸ்டியரிங் பிடிக்கும்போது 'இங்கே எதற்கு வளைவு' என்று தோன்றும் இடத்தில் இடது வலது பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சதுப்பு அல்லது பழைய ஈயக்குட்டை.

ரப்பர் அதற்குப் பிறகுதான் வந்தது. 1900களின் முதல் பத்தாண்டில் விலை ஏறியபோது, ஏற்கெனவே ரோடும் ரயிலும் இருந்த இடத்தை ஒட்டித்தான் காட்டை வெட்டி நட்டார்கள், பால் ஷீட்டை வெளியே அனுப்ப வழி வேண்டுமே. சிலிம் ரிவர், சுங்காய் மாதிரி ஊர்களில் ஒரு வரிசை கடைவீடு, பின்னால் ஸ்டேஷன், சுற்றிலும் தோட்டம் என்றிருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த ரோட்டுக்குச் சல்லி உடைத்தவர்களிலும் தண்டவாளம் போட்டவர்களிலும் நம் ஆட்கள் ஏராளம்.

கோலகங்சாரில் பேராக் ஆற்றுப் பாலத்தை இறங்கிப் பார்க்காமல் போகாதீர்கள். இஸ்கந்தர் பாலம், 1932. வரிசையாக வளைந்த இரும்பு. ஹைவேயில் போனால் இது கண்ணில் படாது.

கியர்ரெண்டு

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. 'பழைய ரோட்டில் டோலே கிடையாது' என்று சொல்லும் பெரியவர்களுக்கு: நாட்டின் முதல் டோல் ரோடே நம் ஊருடையதுதான். தஞ்சோங் மாலிம் – சிலிம் ரிவர் பகுதி, 1966. ஹைவே பேச்சு வருவதற்குப் பல வருடம் முன்பே. இப்போது அங்கே டோல் இல்லை.

ஹைவே தனியாக வளர்ந்த கதை இது: நெடுஞ்சாலை வாரியம் 1980இல் அமைந்தது, துண்டு துண்டாக வேலை நடந்தது, 1988இல் பிளஸ் நிறுவனத்துக்கு, ஹைவேயை நடத்தி டோல் வாங்கும் ஒப்பந்தம் போனது, 1994 செப்டம்பர் 8இல் முழுப் பாதையும் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் இப்போது 2058 வரை நீண்டிருக்கிறது. அதற்கு ஈடாக 2020 பிப்ரவரி 1 முதல் டோலில் 18 விழுக்காடு கழிவு. கழிவு கொடுத்ததற்கு நன்றி சொல்வதா, 2058ஐ நினைத்துப் பெருமூச்சு விடுவதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேன்கணக்கு

அந்தக் கழிவை வைத்து எங்கள் தொகையைக் கணக்குப் போட முடியுமா?

கியர்ரெண்டு

முடியும். வகுப்பு 1க்கு (கார், வேன்) முன்பு கி.மீ.க்கு 13.6 சென், இப்போது 11.15 சென். 100 கி.மீ.க்கு 11 வெள்ளி (ரிங்கிட்) 15 காசு. உங்கள் தூரம் 270, 280 கி.மீ. வரும், அதில் ஜூருவுக்கும் சுங்கை டுவாவுக்கும் இடையில் கட்டணம் இல்லாத பகுதி. ஆக வேனுக்கு 30 வெள்ளியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

லோரியைக் கவனியுங்கள். வகுப்பு எடையை வைத்து இல்லை, அச்சையும் சக்கரத்தையும் வைத்து. இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் வகுப்பு 1. அதே சின்ன லோரிக்குப் பின்னால் இரட்டை டயர் இருந்தால் சக்கரம் ஆறு, வகுப்பு 2, தொகை ஏறிவிடும். கமிட்டிக் கணக்கில் இது விட்டுப்போகும்.

அடுத்து அட்டை. இது மூடிய முறை: நுழையும்போது பதிவு, வெளியேறும்போது பணம் பிடித்தம். எந்த முறையில் பதிவு செய்து நுழைந்தீர்களோ அதே முறையில், அதே அட்டையில்தான் வெளியேற வேண்டும். டச் அண்ட் கோ (டோல் கட்டும் அட்டை) அட்டையைத் தட்டி நுழைந்துவிட்டு, வெளியே வரும்போது ஸ்மார்ட் டேக்கில் (அட்டையைச் செருகும் கருவி) வேறு அட்டை செருகியிருந்தாலோ, ஆர்.எஃப்.ஐ.டி. (வண்டியில் ஒட்டும் வில்லை) பாதையில் நுழைந்துவிட்டு அட்டையைத் தட்டினாலோ, இயந்திரத்துக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரியாது. மிகத் தூரத்துச் சாவடியிலிருந்து வந்ததாகப் பிடித்துவிடும். வேனில் ஓட்டுநர் மாறும்போது, ஆளுக்கொரு அட்டை இருப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு வண்டிக்கு ஒரே அட்டை, கண்ணாடிக்குக் கீழே ஒரே இடம். ஜூருவில் ஒரு கணக்கு முடிந்து சுங்கை டுவாவில் புதுக் கணக்கு தொடங்கும் என்பதால் மீதம் போதுமான அளவு இருக்கட்டும். சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

கட்டைக்கல்

நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் நிறுத்தம் சேர்க்காமல் மூன்று மணி நேரம். பழைய ரோட்டில் ஊருக்கு ஊர் சமிக்ஞை விளக்கு, பள்ளிக்கூடம், லோரி எல்லாம் சேர்த்துச் சராசரி 50, 55க்கு மேல் போகாது, அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல். நின்று நின்று புறப்படுவதில் எண்ணெயும் (பெட்ரோல், டீசல்) கூடுதலாகச் செலவாகும். 30 வெள்ளி மிச்சம் என்பது காகிதத்தில்தான். முழுவதும் பழைய ரோடு என்பது டோலை மிச்சம் பிடிக்கும் திட்டம் இல்லை, ஊர் பார்க்கும் திட்டம். அப்படிப் போவதென்றால் பீடோரில் கொய்யா, தாப்பாவில் பெத்தாய்க் காய் வாங்கிக்கொண்டு போகலாம், தப்பே இல்லை.

கலந்து போவது நல்லது. இங்கிருந்து தாப்பா வரை பழைய ரோடு, ஏறத்தாழ 50 கி.மீ. தாப்பாவில் ஹைவே ஏறினால் ஐந்து வெள்ளிக்கு மேல் மிஞ்சும், இருபது இருபத்தைந்து நிமிடம்தான் கூடும். ஆனால் 'கம்பாரில் ஏறிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பார் பெரிய ஊர், ஆனால் ஹைவேக்கு நேர் வாசல் கிடையாது. தாப்பா அல்லது கோப்பேங்தான்.

கப்சாய்காரன்

மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் டோல் கிடையாது, அதனால பணக் கணக்க விடுங்க. பாதுகாப்பு மட்டும் பாருங்க.

ஹைவேல காடிங்க (காருங்க) 110ல போகும். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) சுமையோட 80, 90. இடது ஓரம்தான் உங்க இடம், ஆனா அவசர ஓரத்துல ஓட்டிக்கிட்டே போறது பழக்கமாயிடக் கூடாது. டயர் துண்டு, ஆணி, நின்னுபோன லோரி எல்லாம் அங்கதான் கிடக்கும். மழை வந்தா மேம்பாலத்துக்கு அடியில கூட்டமா நிக்கிறாங்களே, அது ஆபத்து. மழையில கண்ணு தெரியாம வர்ற வண்டி நேரா அங்கதான் ஏறும். மோட்டாருக்குன்னு கட்டுன கொட்டகை இருக்கு, அங்க நில்லுங்க.

எண்ணெய்: டாங்கி நாலு லிட்டர் பக்கம். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடினாலும் 200ஐ நம்பாதீங்க, சுமையோட எதிர்காத்துல குறையும். 140, 150க்குள்ள ஊத்திடுங்க. வடக்கே போறப்போ தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் ஓய்விடங்கள் வரிசையா வரும்.

என் கருத்து: தாப்பா வரைக்கும் பழைய ரோடு சரி, அதுவும் பகல்ல. இருட்டுல வேண்டாம். தோட்ட வாசல்லேர்ந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லோரி வெளிய வரும்போது சக்கரத்துல செம்மண் ஒட்டிக்கிட்டு வரும். காய்ஞ்சிருந்தா தூசி. பத்து நிமிஷம் தூறினா அதே மண் வெண்ணெய். வாசலுக்கு முன்னாலயும் பின்னாலயும் 50 மீட்டர் தார் நெறம் மாறியிருக்கும், செவப்பா தெரிஞ்சா பிரேக்க அழுத்தாம வேகத்தக் கொறைங்க, மோட்டார நிமிர்த்திப் பிடிங்க.

கியர்ரெண்டு

லோரிக்கு உண்மையான சோதனை கோலகங்சார் – ஈப்போ மலைப் பகுதி. ஹைவேயில் மெனோரா சுரங்கம், 800 மீட்டர் நீளம். வடக்கே போகும்போது ஈப்போ தாண்டியதும் ஏற்றம், ஏறி முடித்ததும் இறக்கம். திரும்பி வரும்போது ஜெலாப்பாங் பக்கம் நீண்ட இறக்கம். இந்த இறக்கத்தின் அடியில்தான் பழைய ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காமல் வந்த கனரக வண்டிகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் காடிகள். 2009இல் சாவடியையே எடுத்துவிட்டார்கள்.

பிரேக் ஏன் விடுகிறது? டிரம் பிரேக்கில் லைனிங் உராய்ந்து சூடேறுகிறது. விட்டு விட்டு அழுத்தினால் ஆறும். இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் ஆற நேரமே இல்லை. டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. எண்ணெய்ப் பிரேக் என்றால் திரவத்தில் ஈரம் ஏறியிருந்தால் கொதித்துக் குமிழி வரும், மிதி பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதனால் புறப்படும் முன் பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

இறங்குவதற்கு முன்னாலேயே, மேலேயே கியரைக் குறைக்க வேண்டும். வேகம் ஏறிய பிறகு குறைக்கப் பார்த்தால் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும், அதைவிட மோசம் வேறில்லை. ஏறின அதே கியரில் இறங்கு என்பது பழைய லோரிக்காரர் கணக்கு, இன்றும் சரி. கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

பழைய ரோட்டில் இதற்கு இணை பாடாங் ரெங்காஸ் – சங்காட் ஜெரிங் இடையே உள்ள புக்கிட் பெராப்பிட். வளைவும் இறக்கமும் சேர்ந்து வரும். சாமான் லோரி அந்த இடத்துக்கு ஹைவேயில் போவதே மேல். இன்னொன்று: லோரியில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். பந்தல் கட்டப் போகிற பிள்ளைகள்தான் ஆசைப்படுவார்கள்.

ஈயக்குட்டை

துரோலாக் வளைவுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜப்பான்காரன் வந்த காலத்துக்கு முன்பே இங்கே ரோட்டைச் சில இடங்களில் நேராக்கியிருந்தார்கள். நேராக்கியதும் பழைய வளைவுகள் ரப்பர் தோட்டத்துக்குள் அப்படியே கிடந்தன. 1942 ஜனவரி 7, விடியும் முன், ஜப்பானிய டாங்கிகள் ரோட்டில் வந்தன. தடுப்பு போட்டு நிறுத்திய இடத்தில், கைவிடப்பட்ட அந்த வளைவுகளுக்குள் புகுந்து தடுப்பின் பின்னால் வெளியே வந்தன. காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். அங்கே சிதறியது பெரும்பாலும் இந்திய ராணுவப் படைதான். ஒரு வாரம் கழித்து ஜனவரி 14இல் இதே ரோட்டில், கிம்மாஸ் பக்கம் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து சைக்கிளில் வந்த ஜப்பானியர்களைத் தாக்கியது.

ரோட்டை நேராக்கும்போது பழைய துண்டு என்ன ஆகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இப்போதும் அப்படித்தான். வளைவை வெட்டிய இடங்களில் பழைய தார்த் துண்டு தோட்டத்து ரோடாகி, குலை லோரி வெளியே வரும் வாசலாகிவிடுகிறது. கப்சாய்காரன் சொன்ன செம்மண் பாதி அங்கிருந்துதான்.

சல்லிதார்

குழி பற்றிக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் பழைய ரோட்டில் வேன் டயர் கிழிவது வளைவில் இல்லை, குழியில்.

தார் கெடுவது மேலிருந்து வரும் சுமையால் மட்டுமில்லை, தண்ணீரால். ஓரக் கால்வாய் செம்பனை மட்டையால் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ரோட்டு விளிம்பில் நிற்கும், மயிரிழை விரிசலில் இறங்கி அடியில் உள்ள சல்லிப் படுகையை ஊறவைக்கும். மேலே லோரி சக்கரம் அழுத்தும்போது அந்தச் சேற்றுத் தண்ணீர் விரிசல் வழியாகப் பீய்ச்சும். விரிசலைச் சுற்றி வெளுத்த சேற்றுக் கறை தெரிந்தால் அடியில் ஏற்கெனவே வெறுமை. இரண்டு மழைக்குள் குழி.

தோட்டத்து உள் ரோட்டில் குழியை நீங்களே அடைப்பதாக இருந்தால்: 1 மீட்டருக்கு 1 மீட்டர், 5 செ.மீ. ஆழம் என்றால் கன அளவு 0.05 கன மீட்டர், பிரீமிக்ஸ் (தார் கலந்த சல்லி) ஏறத்தாழ 115 கிலோ. 25 கிலோ மூட்டையில் குளிர் கலவை வாங்கினால் ஐந்து மூட்டை. குழி ஓரத்தைச் சதுரமாக, நேர்க்குத்தாக வெட்டுங்கள். வட்டமாகச் சரிவாக விட்டால் ஓரம் மெல்லிசாகிப் பெயரும். தண்ணீரையும் தளர்ந்த கல்லையும் முழுக்க எடுங்கள், அடியிலும் ஓரத்திலும் தார்க் குழம்பு பூசுங்கள், கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்குங்கள். கடைசியில் ரோட்டு மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும், வண்டி ஓடி இறங்கும். கால்வாயைத் தூர் வாராமல் குழியை மட்டும் அடைத்தால் அதே இடத்தில் மூன்று மாதத்தில் மறுபடி.

கூட்டரசு சாலையில் நீங்களே அடைக்காதீர்கள். புகாரை ஜே.கே.ஆருக்குக் (பொதுப்பணித் துறை) கொடுங்கள். ஊர் உள் ரோடு மாவட்ட மன்றம், ஹைவே பிளஸ். எந்த ரோடு யாருடையது என்று தெரியாமல் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும். சாலை எண், அருகில் உள்ள கிலோமீட்டர் கல், எந்தப் பக்கத் தடம், குழியின் அளவு, பக்கத்தில் ஒரு காலணியை வைத்து எடுத்த படம்: இவ்வளவும் இருந்தால் வேலைக்காரர் இடத்தைத் தேட வேண்டாம்.

கப்சாய்காரன்

மாவட்டம்னதும் ஒண்ணு. மனுவுல இன்னும் 'பத்தாங் பாடாங்'னு எழுதுறாங்க. சிலிம் 2016லேர்ந்து முவாலிம் மாவட்டம். சுங்காய்தான் பத்தாங் பாடாங்.

வேன்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் இப்படி வைக்கிறேன்: மூன்று வகை வண்டியும் காலை ஏழு மணிக்குப் பழைய ரோட்டில் தாப்பா வரை சேர்ந்து போகும். அங்கே எண்ணெய் ஊற்றி, பிரேக்கும் டயரும் பார்த்துவிட்டு, ஹைவே. லோரிக்குப் பின்சக்கரம் இரட்டைதான், வகுப்பு 2 என்று குறித்துக்கொண்டேன். வேனுக்கு ஒரே அட்டை. திரும்பும்போது பெரியவர்கள் மட்டும் வேனில் கோலகங்சாரில் இறங்கிப் பாலம் பார்த்துவிட்டு வரட்டும்.

கட்டைக்கல்

திரும்பும்போது அந்தப் பாலத்துக்கு வந்தால் கோலகங்சாரில் வெளியேறிய உடனே அதுவரைக்கும் உள்ள டோலைக் கழித்துவிடும். மறுபடி ஏறும்போது புதுப் பதிவு. அட்டையில் மீதம் பார்த்துக்கொள்ளுங்கள்.